ஸ்கோப் அறையில்

சிறுநீர்ப்பையைப் பற்றிய என் படிப்பு, பைக்குள் விட்டுப் பார்க்கும் குழாயான சிஸ்டோஸ்கோப்பை அலசுவதில் தொடங்கியது. மும்பை மாநகராட்சி ஆஸ்பத்திரி ஒன்றின் யூராலஜி தியேட்டருக்கு என்னை மாற்றியபோது முதலில் கொடுத்த வேலை அதுதான். ஒரு கேஸ் முடிந்ததும் ஸ்கோப்பைச் சோப்புநீரில் கழுவி, சிடெக்ஸ் தட்டில் ஊறப்போட்டு, எடுத்து அலசி அடுத்த கேஸுக்கு நீட்ட வேண்டும். சிடெக்ஸ் என்றால் 2 சதவீத குளூட்டரால்டிஹைடு. நெடி மூக்கைப் பிடுங்கும், கண் எரியும், கையுறை கிழிந்திருந்தால் விரல் மஞ்சளாகிவிடும். எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் ஒரு மலையாளி சேச்சி. பக்கத்திலேயே நின்று பார்ப்பார். ஸ்டெரைல் வாட்டர் தட்டு ஒன்று போதாது, அடுத்தடுத்து மூன்று வேண்டும். வெளியே முக்கினால் போதாது, உள்குழாயில் சிரிஞ்ச் வைத்துத் தண்ணீர் அடிக்க வேண்டும்.

“கிருமியைக் கொல்ற மருந்து மோளே, பையை மட்டும் சும்மா விடுமா?” என்பார் தன் தமிழில். “நீ ஒழுங்கா அலசலேன்னா அந்த ஆளு ராத்திரி வீட்டுல எரியுதுன்னு துடிப்பான். காலையில இங்க வருவான். நாம இன்ஃபெக்‌ஷன்னு மாத்திரை கொடுப்போம். கல்ச்சர்ல ஒண்ணும் வராது.”

கல்ச்சரில் ஒன்றும் வராத எரிச்சல் என்று ஒன்று இருப்பதையே நான் அப்போதுதான் கேள்விப்பட்டேன். பிற்பாடு நெடி குறைந்த ஆர்த்தோ-தாலால்டிஹைடு வந்தது. எல்லோரும் அப்பாடா என்றோம். ஆனால் பையில் புற்றுநோய் இருந்து, திரும்பத் திரும்ப ஸ்கோப் போட்டுக்கொண்ட சிலருக்கு அதனால் கடும் ஒவ்வாமை வந்ததாக 2004இல் அமெரிக்காவிலிருந்து செய்தி வந்தது. அந்த நோயாளிகளுக்கு அந்தத் திரவம் கூடாது என்று லேபிளிலேயே போட்டுவிட்டார்கள். அலசிய தண்ணீரில் மிஞ்சும் கொஞ்சத்தைக்கூடப் பையின் உள்தோல் கணக்கு வைத்துக்கொள்கிறது.

டிவி மானிட்டர் வருவதற்கு முன் டாக்டர் ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். உள்ளே என்ன இருக்கிறதென்று அவர் முகத்தைப் பார்த்து நாங்கள் ஊகிப்போம். திரை வந்த பிறகுதான் உள்தோலை நானே பார்த்தேன். வெளிறிய ரோஜா நிறம், மேலே மெல்லிய இரத்தக் குழாய்கள், ஈரப் பளபளப்பு. அந்தப் பளபளப்பின் அடியில் இருக்கும் ஏற்பாட்டை விளக்கியவர் எங்கள் லெக்சரர். சில அடுக்குச் செல்கள். எல்லாவற்றுக்கும் மேலே பெரிதாக விரிந்த குடை செல்கள். அவற்றின் மேற்பரப்பில் யூரோபிளேக்கின் என்ற புரதம் தகடு தகடாகப் பதிந்திருக்கும். செல்லுக்கும் செல்லுக்கும் இடைவெளியே இல்லாத இறுக்கமான தையல். அதற்கும் மேலே காண்ட்ராய்ட்டின் சல்பேட், ஹயலூரானிக் அமிலம் போன்ற சர்க்கரைச் சங்கிலிகள் தண்ணீரைப் பிடித்துவைத்த ஒரு சளிப் படலம். சிறுநீரகம் பாடுபட்டு வெளியேற்றியது மணிக்கணக்கில் பையில் தங்கினாலும் மறுபடி உடம்புக்குள் ஊறிவிடாதபடி காப்பதற்கு இத்தனையும்.

எங்கள் ஊரில் மே மாதக் கடைசியில், மழைக்கு முன், கூரை கூரையாக ஏறி நீலத் தாட்பத்ரி, அதாவது தார்ப்பாய், கட்டுவார்கள். தாராவியில் வளர்ந்தவளுக்கு இந்தப் படலத்தைப் புரிந்துகொள்ள அது போதும். தாட்பத்ரியில் விழும் ஓட்டையைக் கீழே நின்று கண்டுபிடிக்க முடியாது. எங்கே ஒழுகுகிறது என்பதுதான் தெரியும்.

ஒழுகுவது எது என்றால், பொட்டாசியம். இரத்தத்தில் அது லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லி ஈக்விவேலன்ட். சிறுநீரில் அதைப் போலப் பல மடங்கு. உள்தோலைத் தாண்டிக் கீழே போனால் அங்கே நரம்பு நுனிகள் இருக்கின்றன. பொட்டாசியம் பட்டால் அவை சும்மா கிளம்பிவிடும். சான்டியாகோவைச் சேர்ந்த லோவல் பார்சன்ஸ் என்ற யூராலஜிஸ்ட் இந்த எண்ணத்தை விடாமல் பிடித்துக்கொண்டவர். ஆரோக்கியமானவர்களின் பையில் புரோட்டமைன் என்ற மருந்தை விட்டு அந்தச் சளிப் படலத்தைக் கெடுத்துப் பார்த்தார். யூரியா உள்ளே ஊறியது, அவர்களுக்கும் அவசரமும் வலியும் வந்தன. பின்னர் ஹெபாரின் விட்டதும் குறைந்தது. 1990இல் வெளியான ஆய்வு அது. பிறகு பொட்டாசியம் குளோரைடு கரைசலையே 40 மில்லி பையில் விட்டு வலிக்கிறதா என்று கேட்கும் சோதனையையும் கொண்டுவந்தார். நாள்பட்ட பைவலிக்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வலித்தது. கதிர்வீச்சால் பை புண்ணானவர்களுக்கும், கடுமையான நோய்த்தொற்றில் இருந்தவர்களுக்கும் வலித்தது. ஆரோக்கியமானவர்களில் வெகு சிலருக்கே.

இதைப் படித்தால் கதை முடிந்ததுபோலத் தோன்றும். உள்தோல் காயப்பட்டால் கசியும், கசிந்தால் வலிக்கும். நானும் சில வருடங்கள் அப்படித்தான் புதிதாக வேலைக்கு வந்த பெண்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் தியேட்டரில் வந்து படுத்தவர்கள் அந்தப் பாடத்துக்கு அடங்கவில்லை.

பிசிஜி போட வரும் ஆண்களை எடுத்துக்கொள்ளுங்கள். பையின் உள்தோலில் மட்டும் நிற்கும் புற்றுநோய்க்கு, காசநோய்த் தடுப்பூசிக் கிருமியையே பைக்குள் விடுவது சிகிச்சை. கனடாவில் மொராலஸ் 1976இல் எழுதியது. கிருமி, கால்மெட்டும் கெரேனும் பிரான்சின் லீல் நகரில் 13 வருடம் வளர்த்து வீரியம் குறைத்தது. வாரம் ஒன்றாக ஆறு வாரம். உள்ளே இரண்டு மணி நேரம் தங்க வேண்டும். வேண்டுமென்றே உள்தோலைப் புண்ணாக்கி, உடம்பின் காவல் படையை அங்கே வரவழைப்பதுதான் இதன் நோக்கம். இடையில் ஸ்கோப் போட்டால் செக்கச் செவேலென்று இருக்கும், தொட்டால் இரத்தம் கசியும். ஆனால் பெரும்பாலானவர்கள் ஓரிரு நாள் எரிகிறது என்பார்கள், மூன்றாம் நாள் வேலைக்குப் போய்விடுவார்கள். எங்களுக்கு இருந்த கஷ்டம் வேறு. மருந்து வெளியேறிய பிறகு ஆறு மணி நேரம் கழிப்பறையில் பிளீச்சிங் ஊற்றச் சொல்ல வேண்டும். ஐம்பது குடும்பம் வரிசையில் நிற்கும் பொதுக் கழிப்பறையில் யார் எதை ஊற்றுவது? சாயங்காலம் வரை வார்டிலேயே உட்கார வைத்து அனுப்புவோம்.

அடுத்து, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு வாங்கிக்கொண்ட பெண்கள். சிகிச்சை முடிந்து, பிழைத்து, பேரப்பிள்ளை எடுத்து, பல வருடம் கழித்து ஒருநாள் சிறுநீரில் இரத்தக் கட்டியோடு வருவார்கள். கதிர்வீச்சு அடிபட்ட உள்தோலை ஒருமுறை பார்த்தால் மறக்காது. வெளுத்துப்போய், முறுக்கிய குழாய்கள் மேலே நெளிந்து, எங்கே தொட்டாலும் கசியும். மூவழிக் கத்தீட்டர் போட்டு, கட்டிகளை டூமி சிரிஞ்சால் இழுத்து எடுத்து, நிற்காவிட்டால் 1 சதவீதப் படிகாரத் தண்ணீரைச் சொட்டவிடுவோம். முடிவெட்டும் கடையில் சவரம் முடிந்து கன்னத்தில் தடவுகிற அதே படிகாரம். கட்டி அடைத்தால் உயிர் போகும். கட்டி வெளியேறியதும் சில பாட்டிகள் இட்லி கேட்பார்கள். நான் பார்த்ததிலேயே நாசமான உள்தோல்கள் சில, வலியே இல்லாதவர்களுக்குச் சொந்தம்.

இனி அதற்கு நேர் எதிர். 90 அடி சாலைக்குப் பின்னால் இட்லி அவித்து சைக்கிள்காரர்களுக்குக் கொடுக்கும் வீடுகள் வரிசையாக உண்டு. அங்கிருந்து ஒரு பெரியம்மா வந்தார், திருநெல்வேலிப் பக்கம். நானும் அந்த ஏரியாதான் என்றதும் வாய் திறந்தார்.

“ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு வருது தாயி. போனா அரைத் தம்ளர்கூட இல்ல. வந்து உக்காந்தா மறுபடியும் வருது. நெறஞ்சா வலிக்கி, போனா கொஞ்சம் கேக்கு. கால் பெருவிரல்ல சுண்ணாம்பு தடவியாச்சி, வெந்தயம் முழுங்கியாச்சி, மருந்துக் கடையில கேட்டு மாத்திரை தின்னாச்சி. ரெண்டு வருசம்.”

நிறைந்தால் வலி, கழித்தால் கொஞ்சம் தணிவு. சாதாரண நீர்க்கடுப்பில் கழிக்கும்போதுதான் எரியும். இது வேறு என்று அங்கேயே பாதி தெரிந்துவிடும். ஆனாலும் மும்பையில் ‘பைவலி நோய்’ என்ற பெயரை உடனே எழுதக்கூடாது. முதலில் காசநோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். சிறுநீரில் சீழ்ச் செல்கள் இருந்து, சாதாரணக் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை என்றால் இந்த ஊரில் அது டிபியாக இருக்கக்கூடும். மூன்று நாள் தொடர்ந்து விடியற்காலை முதல் சிறுநீரை முழுதாகப் பிடித்து வர வேண்டும். அந்தக் கல்ச்சர் வளர ஆறு, எட்டு வாரம். இப்போது கார்ட்ரிட்ஜ் சோதனையில் சீக்கிரம் தெரிகிறது. டிபி சிறுநீரகத்திலிருந்து இறங்கி, குழாய் திறக்கும் வாயைச் சுற்றிப் புண்ணாக்கி, விட்டுவிட்டால் பையையே சுருக்கிக் கட்டை விரல் அளவாக்கிவிடும். பிறகு குடலை வெட்டி எடுத்துப் பையோடு தைத்துப் பெரிதாக்க வேண்டும். அதைத் தவறவிட்டு, ‘பைவலி நோய்’ என்று நாகரிகமாகப் பெயர் வைத்து மருந்து விட்டுக்கொண்டிருப்பது பாவம். பெரியம்மாவுக்கு டிபி இல்லை. கல் இல்லை, புற்றுநோய்ச் செல் இல்லை.

மயக்கம் கொடுத்து ஸ்கோப் போட்டோம். சலைன் பாட்டிலை 80 சென்டிமீட்டர் உயரத்தில் மாட்டி, தானாக நிற்கும்வரை பையை நிரப்பி, ஓரிரு நிமிடம் வைத்து, வடிய விட வேண்டும். அந்த இடத்தில் என் வேலை வடிகிற தண்ணீரைப் பார்ப்பது. கடைசிச் சொட்டுகளில் இளஞ்சிவப்பு வந்தால் சொல்ல வேண்டும். வந்தது. இரண்டாம் முறை நிரப்பியபோது உள்தோல் முழுக்க ஊசி குத்தியதுபோல் இரத்தப் புள்ளிகள். முதுகலை மாணவர்கள் உற்சாகமாகிவிட்டார்கள். லெக்சரர் அவர்களை அடக்கினார். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு வந்த, பைத் தொந்தரவே இல்லாத 20 பெண்களுக்கு இதே மாதிரி செய்து பார்த்ததில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இதே புள்ளிகள் இருந்தன என்ற 1998ஆம் வருட ஆய்வை அன்றைக்குச் சொன்னார். புள்ளியைப் பார்த்து வலியை எழுதாதே, வலியைக் கேட்டு எழுது என்பது அவர் கட்சி.

பார்த்தாலே நோயைச் சொல்லிவிடும் புண் ஒன்று உண்டு. பால்ட்டிமோரில் பெண்கள் நோய் மருத்துவர் கை ஹன்னர் 1915இல் எழுதியது. நடுவே தழும்பு, சுற்றிலும் இருந்து சிறு குழாய்கள் அதை நோக்கி ஓடும் ஒரு சிவந்த திட்டு. நிரப்பும்போது பாளம் பாளமாக வெடித்து இரத்தம் வழியும். அதைக் கரித்துவிட்டாலோ, டிரயாம்சினலோன் ஊசியைப் புண்ணுக்குள்ளேயே போட்டாலோ மாதக்கணக்கில் நிம்மதி. இந்த ஒரு வகையில் காயமும் வலியும் ஒன்றையொன்று ஒழுங்காகப் பின்தொடரும். ஆனால் எங்களிடம் வந்தவர்களில் அந்தத் திட்டு உள்ளவர்கள் கொஞ்சம் பேர்தான். பெரியம்மாவுக்கு அது இல்லை.

அப்படியென்றால் வலி எங்கிருந்து? உள்தோலை வெறும் தடுப்பாக நினைத்ததுதான் கோளாறு என்று இப்போது சொல்கிறார்கள். பை விரியும்போது உள்தோல் செல்களே ஏடிபி என்ற பொருளை வெளியிட, கீழே உள்ள நரம்பு அதைப் பிடித்துக்கொண்டு ‘நிறைந்துவிட்டது’ என்று மேலே சொல்கிறது. பைவலி நோயாளிகளின் செல்களை வளர்த்து இழுத்துப் பார்த்தபோது மற்றவர்களுடையதைவிட அதிக ஏடிபி வந்ததாக 2001இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். நோய்த்தொற்றோ, இரசாயனமோ, வேறெதுவோ ஒருமுறை உள்தோலைக் கெடுத்தால், அது ஆறுவதற்கு அதிக நாள் பிடிப்பதில்லை. எலிகளில் சில நாளிலேயே புதுத் தோல் மூடிவிடுகிறது. ஆனால் அதற்குள் நரம்பும் தண்டுவடமும் கூர்மையாகிவிட்டால், கொஞ்சம் நிறைந்தாலே அலறும். பக்கத்தில் இருக்கும் குடலும் இடுப்புத் தசையும் சேர்ந்துகொள்ளும். அடிவயிற்றைத் தொட்டாலே கையைத் தட்டிவிடுகிறவர்கள் இதனால்தான். சிலருக்குத் தோல் இன்னும் கசிகிறது, சிலருக்குத் தோல் மூடிய பிறகும் வலி ஓடிக்கொண்டிருக்கிறது. யார் எந்த வகை என்று வெளியே நின்று பிரிக்க நல்ல வழி இல்லை. பார்சன்ஸின் பொட்டாசியம் சோதனையையும் 2011இல் அமெரிக்க யூராலஜி சங்கம் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டது. வலிக்கும், அதனால் சிகிச்சை மாறப்போவதும் இல்லை. அதே வழிகாட்டி, நீண்ட நாள் ஆன்டிபயாடிக்கும் வேண்டாம் என்றது. அதை ஒவ்வொரு மருந்துக் கடை ஷட்டரிலும் ஒட்டிவைக்கலாம்.

ரிட்டயர் ஆன பிறகு செம்பூரில் ஒரு யூராலஜிஸ்ட்டின் கிளினிக்கில் சேர்ந்தேன். பைக்குள் மருந்து விடும் அறை என் பொறுப்பு. பெரிய கத்தீட்டர் வேண்டாம். பச்சைக் குழந்தைக்குப் பால் புகட்டும் ஃபீடிங் டியூப், 6 அல்லது 8ஆம் நம்பர், நிறைய சைலோகெயின் ஜெல்லி. உள்ளே ஹெபாரின், லிக்னோகெயின், சோடியம் பைகார்பனேட். பைகார்பனேட் இல்லாவிட்டால் லிக்னோகெயின் உள்தோலைத் தாண்டாது. கூடிப்போனால் சிரிஞ்சுக்குள்ளேயே வெள்ளையாகப் படிந்துவிடும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் விடுவேன். வசதி உள்ளவர்களுக்கு ஹயலூரானிக் அமிலம், விலை கையைக் கடிக்கும். டிஎம்எஸ்ஓ என்ற மருந்து விட்ட நாளில் அறை முழுக்கப் பூண்டு நாற்றம், நோயாளியின் மூச்சிலிருந்து வரும்.

மருந்து உள்ளே நிற்கும் இருபது நிமிடம் அவர்கள் படுத்திருப்பார்கள், நான் உட்கார்ந்திருப்பேன். டாக்டரிடம் சொல்லாதது அத்தனையும் அப்போது வரும். மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமி வருவார். எரிச்சலைக் கிளப்பும் சாப்பாட்டைக் கண்டுபிடிக்க ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கச் சொல்லியிருந்தது. புளி, தக்காளி, மிளகாய் எல்லாம் போயாகிவிட்டது.

“காபியை மட்டும் கேக்காதே சிஸ்டர். கிங்ஸ் சர்க்கிள்ல இருந்துண்டு, மைசூர் கன்சர்ன்ஸ் வாசல்ல வாசனை பிடிச்சுண்டே காய்கறி வாங்கப் போறவ நான். அதுக்கு வலியே தேவலை.”

இரண்டு வாரம் நிறுத்தி, திரும்பக் குடித்துப் பாருங்கள், வலி கூடினால் அப்புறம் பேசுவோம் என்றேன். கூடியது. இப்போது காலை ஒரு வேளை, அதுவும் பாதித் தம்ளர். எல்லோருக்கும் காபி ஆகாது என்று இல்லை. அச்சடித்த பட்டியலைக் கையில் கொடுத்து எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வது எனக்குப் பிடிக்காது. ஏற்கெனவே தூக்கம் இல்லாதவர்களிடமிருந்து சாப்பாட்டையும் பிடுங்கக்கூடாது.

மலிவான மருந்து அமிட்ரிப்டிலின், ராத்திரி 10 மில்லிகிராம். நரம்பின் கூர்மையைக் குறைக்கும். ஆனால் பெட்டியைப் பார்த்த மருமகனோ, கடைக்காரரோ “இது மனநோய் மாத்திரையாச்சே” என்று சொல்லிவிட்டால் போச்சு. அந்தப் பெண் இரண்டு வருடமாக வீட்டில் கேட்டுவந்த பேச்சே அதுதான்: ரிப்போர்ட் எல்லாம் நார்மல், இவள் நினைப்புதான் வலி. மாத்திரையைக் கொடுப்பதற்கு முன் மருமகனையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லும் வழக்கம் வைத்திருக்கிறேன். உள்தோலின் படலத்தைச் சரிசெய்யும் என்று கருதப்படும், பைவலிக்கென்று 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பென்டோசான் மாத்திரையும் எழுதுகிறார்கள். விழுங்குவதில் மிகச் சிறிய பங்குதான் சிறுநீரில் வந்து சேர்கிறது. 2018இல் அட்லாண்டாவின் எமோரி பல்கலைக்கழகத்துக் கண் மருத்துவர்கள், பல வருடம் சாப்பிட்டவர்களின் விழித்திரையில் நிறக் கோளாறைக் கண்டுபிடித்தார்கள். இப்போது கண் பரிசோதனைச் சீட்டு இருந்தால்தான் தொடர்ந்து எழுதுகிறோம்.

அடக்கிவைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கழிப்பறை தூரம், இருட்டு, காசு கொடுக்க வேண்டும் என்று தண்ணீர் குடிக்காமலே நாளை ஓட்டுவது தாராவிப் பெண்களுக்குப் பழக்கம். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். பெண்களுக்குக் காசில்லாத கழிப்பறை கேட்டு 2011இல் மும்பையில் ஓர் இயக்கமே கிளம்பியது. அடக்குவதால் இந்த நோய் வருகிறது என்று நான் சொல்லமாட்டேன், அதற்கு ஆதாரம் போதாது. ஆனால் நோய் ஏற்கெனவே இருக்கிற பையில், தண்ணீர் குறைந்து கெட்டியான சிறுநீர், அதே பொட்டாசியம் இன்னும் செறிவாகி, மணிக்கணக்கில் நின்றால் என்ன ஆகும் என்பதை இட்லிப் பெரியம்மா தன் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார். எழுத்து பேத்தியுடையது. எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி, வலி பத்துக்கு எத்தனை. வலி எட்டு, ஒன்பது என்று இருந்தவை எல்லாம் விடியற்காலை அடுப்படியில் நிற்கும் நேரம். கடைசித் தட்டு இறங்கும்வரை அவர் தண்ணீரும் குடிப்பதில்லை, வெளியிலும் போவதில்லை. மாவு ஊற்றுவதை மருமகளுக்கு மாற்றினார்கள். மருந்து விடுவதோடு இதுவும் சேர்ந்தபோது அரைத் தம்ளர் ஒன்றே கால் தம்ளர் ஆனது. வலி முழுக்கப் போகவில்லை.

போன சித்திரையில் பெரியம்மாவின் தங்கை பேரனுக்குக் கல்யாணம், ஊருக்குப் போக வேண்டும். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு மருந்து விட்டுக்கொண்டார். “வழியில தண்ணி குடிக்காம இருந்துருவேன் தாயி” என்றார். கூடவே கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று மகனிடமும் சொல்லி அனுப்பினேன். டிக்கெட் எடுக்கும்போது கழிப்பறை ஓரத்து சைடு லோயர்தான் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கினாராம், யாரும் விரும்பிக் கேட்காத அந்த பெர்த்தை. பாவம் வயதானவர் என்று நடுவில் இருந்த ஒருவர் இடம் மாற்றிக்கொள்ளக் கூப்பிட்டிருக்கிறார். இவர் அசையவில்லை.

திரும்பி வந்ததும், தவறிப்போன வாரத்துக்கும் சேர்த்து இந்த வாரம் இரண்டு தடவை மருந்து விட முடியுமா என்று கேட்டார். அப்படியெல்லாம் முடியாது, வழக்கம்போல வியாழக்கிழமை பத்து மணிக்கு வாங்க என்றேன்.